மனை விலையும் மசால் தோசையும்: சென்னை ஹோட்டல்களின் கதை

"நேத்து ராத்திரி ஹோட்டல்லதான்" என்று சென்னையில் ஒருவர் சொன்னால், வீட்டில் சமைக்கவில்லை என்று புரிந்துகொள்வோம். எங்கே ரூம் எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். படுத்துத் தூங்குவதற்கு லாட்ஜ் இருக்கிறது. மாதக் கணக்கில் தங்குவதற்குத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் இருக்கிறது. தங்கவும் சாப்பிடவும் சேர்ந்த பெரிய இடமென்றால் 'ஸ்டார் ஹோட்டல்' என்று ஒரு முன்னொட்டைப் போட்டுக்கொள்வோம். கடல் தாண்டி யாழ்ப்பாணம் போனால் அதே இட்லி தோசை விற்கும் இடம் 'சாப்பாட்டுக்கடை' ஆகிவிடும்.

ஒரே சொல் இப்படிப் பிரிந்து நிற்பதற்குக் காரணம், இந்த ஊரில் ஹோட்டல் தொழில் இரண்டு தனித்தனி வழிகளில் வளர்ந்ததுதான். மெத்தை போட்ட அறையும் ஐரோப்பியச் சாப்பாடும் மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை பக்கம் வெள்ளைக்காரர்களை நம்பி வளர்ந்தன. காபியும் இலைச் சாப்பாடும் ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் சந்துகளில் நம் ஆட்களை நம்பி வளர்ந்தன. இரண்டும் சந்தித்துக்கொள்ள நூறு வருடம் ஆயிற்று. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே தலையெழுத்து. சென்னையின் பெயர்பெற்ற ஹோட்டல்கள் எப்படி வந்தன, எப்படிப் போயின என்று வரிசையாகப் பார்த்தால், சமையல்கட்டை விட மனைப் பத்திரம்தான் அடிக்கடி குறுக்கே வருகிறது.

ஹோட்டல் வருவதற்கு முன்னால் இருந்தது சத்திரம். யாத்திரை போகிறவர் தங்க, அரிசி பருப்பு வாங்கிச் சமைத்துக்கொள்ள, சில இடங்களில் இலவசமாகச் சாப்பிட. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே ராமசாமி முதலியார் சத்திரம் இன்னும் அந்த ஞாபகத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. காசு கொடுத்து, முகம் தெரியாத ஒருவர் சமைத்ததை, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாமல் சாப்பிடுவது என்பது அன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்குக் கற்பனைக்கே எட்டாத காரியம். சமைத்த கை யாருடையது என்பது அன்றைக்கு ருசியை விடப் பெரிய கேள்வி.

வெள்ளைக்காரர் பக்கம் அந்தச் சிக்கல் இல்லை. இன்றைய தாஜ் கன்னிமாரா 1854-இல் 'இம்பீரியல் ஹோட்டல்' என்ற பெயரில் ஆரம்பித்தது. 1886-இல் 'ஆல்பனி' ஆயிற்று. 1890-இல், அந்த வருடம் வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைச் சூட்டிக்கொண்டது. பிறகு ஸ்பென்சர் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அண்ணா சாலையில் இன்று ஸ்பென்சர் பிளாசா நிற்கும் மூலைக்குப் பின்னால், பின்னி ரோட்டில் அது இருப்பது தற்செயல் இல்லை. கடையும் ஹோட்டலும் ஒரே முதலாளியின் பக்கத்துப் பக்கத்து மனைகள். ஸ்பென்சர் அந்தக் காலத்தில் ரயில்வே ஸ்டேஷன்களின் சிற்றுண்டி அறைகளையும் நடத்தியது. சோடாவிலிருந்து சுருட்டு வரை ஒரே கை. இப்போது நாம் பார்க்கும் வெள்ளை முகப்பு 1930களில் திருப்பிக் கட்டியபோது வந்தது. 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கைவைத்து உள்ளே கொஞ்சம் மாற்றினார். 170 வருடத்தில் பெயர் மாறியது, முதலாளி மாறினார், கட்டடம் கூட மாறியது. மனை மட்டும் ஹோட்டலாகவே இருந்தது. சென்னையில் இப்படி நீடித்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதே மவுண்ட் ரோட்டில் இன்னொன்று இருந்தது. ஜியாகோமோ தாஞ்செலிஸ் என்பவரின் ஹோட்டல். மனிதர் வெறும் ஹோட்டல்காரர் இல்லை. 1910-இல் சிம்சன் கம்பெனியில் சொல்லி ஒரு விமானத்தைச் செய்யவைத்து, பல்லாவரத்தில் தானே ஏறிப் பறந்துகாட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகாத நேரம். கவர்னர் மாளிகை விருந்துகளுக்குச் சமைத்துப் போட்ட ஒருவர் விமானம் ஓட்டினார் என்பது சென்னைக்குள்ளேயே பலருக்குத் தெரியாத கதை. ஹோட்டல் பின்னாளில் பொசோட்டோ என்று பெயர் மாறிற்று, அப்புறம் அதுவும் போயிற்று. கன்னிமாராவுக்குப் பின்னால் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. தாஞ்செலிஸுக்குப் பின்னால் தாஞ்செலிஸ் மட்டும்தான் இருந்தார்.

சரி, நம் ஆட்கள் பக்கம் வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பெருகியவை காபி கிளப்புகள். கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் வந்த குமாஸ்தாக்கள், படிக்க வந்த மாணவர்கள், வழக்குக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் வெளியே சாப்பிட வேண்டிய கட்டாயம். யார் சமைத்தால் எல்லோரும் சாப்பிடுவார்கள் என்ற கேள்விக்கு அன்றைய சமூகம் கொடுத்த பதில் 'பிராமணர்'. அதனால் பலகையில் 'பிராமணாள் காபி ஹோட்டல்' என்று எழுதினார்கள். இது விளம்பரமாகவும் இருந்தது, எச்சரிக்கையாகவும் இருந்தது. பல இடங்களில் உள்ளே தனித் தனிப் பகுதி. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டி அறைகளில்கூட பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம் என்று இருந்தது. அந்தப் பிரிவினை 1941-இல்தான் போயிற்று, அதுவும் நீதிக் கட்சியும் பெரியாரும் விடாமல் குரல் கொடுத்த பிறகு.

ரயில்வேயில் போனாலும் தெருப் பலகைகளில் அந்தச் சொல் இருந்தது. 1957-இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளீஸ் கஃபே வாசலில் மறியல் தொடங்கினார். கோரிக்கை ஒன்றுதான்: பலகையில் உள்ள 'பிராமணாள்' என்ற சொல்லை எடு. ஒரே ஒரு கடை, ஒரே ஒரு சொல். ஆனால் மறியல் மாதக் கணக்கில் நீண்டது, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். கடைசியில் சொல் இறங்கியது, மற்ற ஹோட்டல்களும் பெயிண்டரைக் கூப்பிட்டன. நாடு குடியரசாகி ஏழு வருடம் கழிந்த பிறகும் ஒரு காபிக்கடைப் பலகைக்கு இவ்வளவு போராட்டம் தேவைப்பட்டது என்பதை, 'அந்தக் காலத்து ஹோட்டல் ருசியே தனி' என்று ஏங்குகிறவர்கள் கொஞ்சம் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். அந்த ருசியை எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அனுபவிக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் உடுப்பிக்காரர்களின் வருகையைப் பார்க்க வேண்டும். உடுப்பி கிருஷ்ண மடத்துச் சமையல் மரபு அவர்களுக்கு ஒரு சான்றிதழ் போல. ஆசாரமான வீட்டு மனிதரும் தயங்காமல் வருவார். ஆனால் கடை நடத்துகிறவருக்கு ஊரில் நிலபுலன் இல்லை, உறவில்லை, யாரை உள்ளே விடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கக் கட்டுப்படியாகாது. வருகிறவர் எல்லோரும் வாடிக்கையாளர். அந்த இடைவெளியில் அவர்கள் வளர்ந்தார்கள்.

அவர்களில் பெரியவர் கே. கிருஷ்ணா ராவ். 1920களில் சென்னைக்கு வந்து, எடுபிடி வேலையிலிருந்து தொடங்கி, ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் ஒரு சின்ன ஹோட்டலைக் கையில் எடுத்தவர். மவுண்ட் ரோடு ரவுண்டானா பக்கம் கிருஷ்ண விலாஸ் வந்தது. பிறகு 1930களின் பிற்பகுதியில் ராயப்பேட்டையில் ஒரு ஜமீன் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த மாளிகையின் பெயர் வுட்லண்ட்ஸ். பெயரை மாற்றாமல் அப்படியே ஹோட்டலுக்கு வைத்துக்கொண்டார். இன்று உலகம் முழுக்க 'வுட்லண்ட்ஸ்' என்ற பெயரில் சைவ உணவகங்கள் இருக்கின்றன. அவற்றில் சாப்பிடுகிற யாரும் அது ராயப்பேட்டையில் ஒரு வீட்டுப் பெயர் என்று நினைப்பதில்லை. குத்தகை ஒரு நாள் முடியும் என்று தெரிந்தவர் போல, அடுத்து எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ வுட்லண்ட்ஸைத் தொடங்கினார். அது இன்றும் இருக்கிறது. கல்யாண மண்டபமும் அறைகளும் சாப்பாட்டுக்கூடமும் ஒரே வளாகத்தில். நான் மேலே சொன்ன இரண்டு வழிகளும், அறையும் இலையும், நம்மவர் ஒருவர் கையில் சந்தித்ததை இங்கே பார்க்கலாம். மசால் தோசையை இந்த ஊருக்குப் பழக்கிவிட்டவர் என்றும் அவரைச் சொல்வதுண்டு.

அதே தென் கன்னடப் பக்கத்திலிருந்து வந்த தாசபிரகாஷ், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 1950களில் ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பியது. வளைந்த முகப்பு, அகலமான படிக்கட்டு, குடும்பத்தோடு போனால் கடைசியில் ஐஸ்க்ரீம். சென்னையில் இரண்டு தலைமுறைக் குழந்தைகளுக்கு ஐஸ்க்ரீம் என்றாலே தாசபிரகாஷ்தான். மது கிடையாது, மாமிசம் கிடையாது, ஆனால் நட்சத்திர ஹோட்டலின் எல்லா மிடுக்கும் உண்டு. சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் நடுவில் இருந்ததால் ரயிலில் வருகிற கௌரவமான குடும்பங்களுக்கு அதுவே முதல் முகவரி. இன்று அந்தக் கட்டடம் இல்லை.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படுவது வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962-இல் கதீட்ரல் ரோட்டில், தோட்டக்கலைச் சங்கத்து நிலத்தில், மரங்களுக்கு நடுவே கிருஷ்ணா ராவ் திறந்தார். காரை நிழலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால், ஜன்னலில் மாட்டுகிற ட்ரே வரும். அதில் வடையும் காபியும். யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் அன்றைக்குச் சென்னையில் கார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? கார் மட்டும் நம்பியிருந்தால் ஆறு மாதத்தில் மூடியிருப்பார்கள். உண்மையில் அதை வாழவைத்தவர்கள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். சைக்கிளில் வந்தவர், பஸ்ஸில் வந்தவர், நடந்து வந்தவர். ஒரு காபியை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் கதை விவாதம் செய்த சினிமாக்காரர்கள், பேப்பர்காரர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், ஓய்வு பெற்றவர்கள், பெண் பார்க்க வந்த இரு வீட்டார். ஜெமினி ஸ்டூடியோவும் எதிரே இருந்த சபையர் தியேட்டரும் கூப்பிடு தூரம். 'ஆபீஸ் எங்கே சார்?' என்று கேட்டால் 'டிரைவ்-இன்தான்' என்று சிரிக்காமல் பதில் சொன்னவர்கள் இருந்தார்கள்.

தொழில் கணக்கில் இது பைத்தியக்காரத்தனம். ஹோட்டல் கணக்கு எளிமையானது: ஒரு நாற்காலியில் மணிக்கு எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்கள் என்பதுதான் வருமானம். அதனால்தான் கூட்டமான ஹோட்டலில் கடைசி வாய் உள்ளே போகும் முன்பே சர்வர் பில்லை டம்ளருக்கு அடியில் செருகிவிடுகிறார், க்ளீனர் துணியோடு தோள் பக்கம் நிற்கிறார், பின்னால் ஒரு குடும்பம் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. டிரைவ்-இன்னில் யாரும் யாரையும் எழுப்பவில்லை. எழுப்பத் தேவையில்லாத அளவுக்கு இடம் இருந்தது, அந்த இடம் சந்தை விலைக்கு வாங்கியதாக இல்லை. ஜெமினி பக்கத்தில் ஏக்கர் கணக்கில் நிலம், பழைய ஏற்பாட்டில், மரங்களோடு. அந்த நிழலுக்குப் பின்னால் இருந்தது நிலம் மலிவாகக் கிடைத்த ஒரு காலத்தின் ஒப்பந்தம். நிலம் யாருக்கு என்ற வழக்கு நீண்டு, 2008-இல் அரசு எடுத்துக்கொண்டது. டிரைவ்-இன் மூடியது. 2010-இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது. மரங்களாவது தப்பித்தன. பக்கத்தில் எத்தனையோ மனைகளுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

அசைவத்தின் கதை வேறு மாதிரி. அதற்கு 'மிலிட்டரி ஹோட்டல்' என்று பெயர். சைவ ஹோட்டலில் சாப்பிடாதவர் யாருமில்லை, ஆனால் மிலிட்டரி ஹோட்டலுக்குள் போவதைப் பலர் நெடுநாள் சொல்லிக்கொள்ளவில்லை. அதைக் குடும்பத்தோடு போகிற இடமாக்கியதில் அண்ணா சாலை புஹாரிக்குப் பெரிய பங்கு உண்டு. கொழும்பில் தொழில் கற்ற ஏ.எம். புஹாரி 1951-இல் திறந்தது. பிரியாணி, சமோசா, கெட்டியான டீ, மாடியில் குடும்பங்களுக்குத் தனி இடம். சிக்கன் 65 இங்கேதான் 1965-இல் பிறந்தது என்று புஹாரி சொல்கிறது. பெயருக்கு வேறு விளக்கங்களும் ஊரில் உலவுகின்றன: 65 துண்டு, 65 நாள் கோழி, மெனு கார்டில் 65-ஆம் எண் என்று. எனக்கு வருடக் கதைதான் நம்பும்படி இருக்கிறது. காரணம், அதே கடை பின்னாளில் 78, 82, 90 என்றும் சிக்கன் வகைகளைக் கொண்டுவந்தது. துண்டு எண்ணுகிறவர் அப்படி ஏற மாட்டார். மற்ற மூன்றையும் ஊர் மறந்துவிட்டது, 65 மட்டும் தள்ளுவண்டி வரை இறங்கிவிட்டது.

ராயப்பேட்டையில் பொன்னுசாமியும் அஞ்சப்பரும் அடுத்த கட்டம். செட்டிநாடு என்ற சொல் ஒரு ஊர்ப்பகுதியைக் குறித்தது போய், சென்னையில் ஒரு காரத்தின் பெயராக மாறியது இவர்களால்தான். மதுரைப் பக்கம் வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பிய முனியாண்டி விலாஸ்கள் இன்னொரு விசித்திரம். ஒரே பெயர், ஒரே குலசாமி, ஆனால் ஒரே முதலாளி கிடையாது. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு ஊரில் கடை போட்டு, வருடத்துக்கு ஒரு முறை சாமிக்குக் கிடா வெட்டிப் பிரியாணி போட ஊருக்குத் திரும்புவார்கள். பிரான்சைஸ் என்ற சொல் இங்கே வருவதற்கு முன்பே அந்தக் காரியம் நடந்திருக்கிறது, ராயல்டி சாமிக்கு.

இவ்வளவு பெரிய பெயர்களுக்கு நடுவில், சின்ன இடங்கள் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948-இல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் வடக்கே மதுராவிலிருந்து வந்த குடும்பம். சாம்பார் இட்லிக்குப் பெயர்போன கடை வடநாட்டுக்காரருடையது என்பது சென்னைக்கே உரிய வேடிக்கை. அங்கே இட்லி சொன்னால் பக்கத்தில் கிண்ணத்தில் சாம்பார் வராது. தட்டிலேயே இட்லி மேல் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர் வாளியோடு சுற்றிக்கொண்டே இருப்பார். இட்லி பாதி கரைந்து, மேலே பார்த்தால் சாம்பார் மட்டம் குறைந்திருக்கும். கேட்க வேண்டியதில்லை, வாளி வந்துவிடும். கொஞ்சம் இனிப்புத் தட்டுகிற, வெங்காயம் மிதக்கிற, தளதளவென்ற சாம்பார். மூன்றாவது ஊற்றலில்தான் இட்லி முழுசாக ஊறும். மேஜை நெருக்கம், எதிரே யாரோ, பேச்சு கிடையாது. பத்து நிமிடத்தில் காபியும் முடித்து எழுந்துவிடுவோம். நாற்காலிக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள்.

மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் இதற்கு நேர் எதிர் என்று தோன்றும். சந்துக்குள், ஒரு வீட்டு ஹால் அளவு இடம், சில மேஜை. முந்தைய பந்தி எழும் வரை வாசலில் நிற்க வேண்டும். பொங்கல், இட்லி, வடை, பச்சை நிறச் சட்னி, காபி. அவ்வளவுதான், தீர்ந்தால் தீர்ந்தது. தலைமுறைகள் தாண்டி அதே குடும்பம் நடத்துகிறது. பெரிய ஹோட்டல்களை முழுங்கிய விஷயம் இங்கே வேலை செய்யவில்லை: பெரிய மனை கிடையாது, அதனால் பெரிய விலையும் பேச முடியாது. கிளை திறக்கும் ஆசையும் இல்லை. வீடும் தொழிலும் ஒட்டியிருக்கும்போது வாடகை என்ற பேய் அவ்வளவு சுலபமாக உள்ளே வராது.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களைச் சுற்றிய மெஸ்களுக்குக் காவல் வேறு விதம். தனியாள்கள் தெருவுக்கு நூறு பேர் இருக்கும்வரை டோக்கன் வாங்கி வரிசையில் நின்று சாப்பிட ஆள் உண்டு. மேன்ஷன் குறைந்து, பிள்ளைகள் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் ஹாஸ்டலுக்குப் போனதும் அந்த மெஸ்களில் பல தாமாகவே அணைந்தன. மார்கழியில் மட்டும் முளைக்கும் சபா கேன்டீன்களையும் இங்கே சேர்க்க வேண்டும். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் நடக்கும் ஹோட்டல், வாசலில் கச்சேரியை விட நீளமான வரிசை. 'அறுசுவை அரசு' நடராஜன் போன்ற சமையல்காரர்களுக்குப் பாடகர்களுக்கு இணையான ரசிகர்கள் உண்டு. வருட வாடகை இல்லாததால்தான் அப்படி விதவிதமாகச் சமைக்க முடிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஐந்து நட்சத்திரங்கள் 1970களில் வந்தன. 1974-இல் நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல். 1975-இல் கதீட்ரல் ரோட்டில் சோழா. சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி. ஹோட்டல் தொழிலுக்குள் கால் வைத்தது அந்தச் சோழாவில்தான். 2012-இல் கிண்டியில் அதே கம்பெனி அறுநூறு அறைகளோடு கிராண்ட் சோழாவைக் கட்டியது. 2002-இல் ஜெமினி ஸ்டூடியோ நிலத்தில் வந்த தி பார்க், சுவரில் ஜெமினி படச் சுவரொட்டிகளை மாட்டி, கதவு எண்ணான 601-ஐ ஒரு உணவகத்துக்குப் பெயராக வைத்தது. படப்பிடிப்புத் தளம் போய் ஹோட்டல் வந்ததற்கு அது செய்த மரியாதை.

இவற்றின் பெருக்கத்துக்குப் பின்னால் மதுக் கொள்கையும் இருக்கிறது. பெங்களூரிலோ மும்பையிலோ ஒரு தனி உணவகம் உரிமம் வாங்கி மது பரிமாறலாம். தமிழ்நாட்டில் அது முடியாது. சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். டாஸ்மாக் கடையை ஒட்டிய பார்களை விட்டால், தனியார் பார் என்றால் கிளப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அறைகளோடு நட்சத்திரத் தகுதி பெற்ற, எஃப்.எல்.3 உரிமம் உள்ள ஹோட்டலாக இருக்க வேண்டும். அதனால் இந்த ஊரில் நல்ல பப் எல்லாமே ஏதோ ஒரு ஹோட்டல் கட்டடத்துக்குள்தான் இருக்கும். சில இடங்களில் மேலே அறை கிடப்பதும் கீழே பார் ஓடுவதும் தலைகீழான உறவு: பாருக்காக அறை. உணவில் மட்டும் கவனம் வைத்த நடுத்தர உணவகங்கள் இங்கே ஏன் மற்ற நகரங்கள் அளவுக்கு வளரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதிலில் பாதி இதுதான். அவர்களுக்கு லாபம் தரும் சரக்கை விற்க வழியில்லை. வரியிலும் ஒரு கோடு உண்டு: சாதாரண உணவக பில்லில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற ஹோட்டலுக்குள் உட்கார்ந்தால் 18.

நிலத்தின் பிடியிலிருந்து ஹோட்டலைக் கழற்றிக் காட்டியவர் பி. ராஜகோபால். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, மளிகைக்கடை நடத்தி, 1981-இல் கே.கே. நகரில் சரவண பவனைத் தொடங்கினார். அவர் கற்றுக்கொடுத்த பாடம், ஒரு பெரிய இடத்தை நம்பாதே என்பது. மாளிகை வேண்டாம், தோட்டம் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம், ஆபீஸ் பக்கம், வாடகைக்கு ஒரு கட்டடம், எல்லாக் கிளையிலும் ஒரே சாம்பார், ஒரே அளவு இட்லி. ஆட்டுக்கல்லில் கையால் அரைத்த காலத்தில் இது நடந்திருக்காது. கோயம்புத்தூரில் பிறந்த வெட் கிரைண்டர் வந்த பிறகுதான் மாவு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆயிற்று. சரக்கு மாஸ்டரின் கைப்பக்குவம் அளவுக் கரண்டிக்குள் வந்தது. வேலை செய்கிறவர்களுக்குத் தங்குமிடம், மருத்துவம் என்று அவர் செய்ததையும் அந்தத் தொழிலில் உள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். 2000-இல் துபாய், பிறகு உலகம். ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனையை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே வருடம் ஜூலையில் ராஜகோபால் இறந்தார். கடைகள் தொடர்ந்தன. தாஞ்செலிஸ் போனதும் தாஞ்செலிஸ் ஹோட்டல் தேய்ந்தது, ராஜகோபால் சிறைக்குப் போன போதும் சரவண பவனில் சாம்பார் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. இன்று ஊரெங்கும் தெரியும் சங்கீதா, அடையாறு ஆனந்த பவன், திண்டுக்கல் தலப்பாக்கட்டி எல்லாம் ஏறக்குறைய இந்த வழியில்தான் நடக்கின்றன. தலப்பாக்கட்டி 1957-இல் திண்டுக்கல்லில் சீரகச் சம்பாப் பிரியாணியோடு தொடங்கிய ஒற்றைக் கடை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கிளைகள் பெருகப் பெருக, எந்த ஹோட்டலும் 'இந்த இடம்' என்ற அடையாளத்தைச் சுமப்பதில்லை. வடபழனிக் கிளை மூடினால் அசோக் நகர்க் கிளைக்குப் போவோம். யாரும் கட்டுரை எழுத மாட்டார்கள். சமையல்கட்டில் முன்பு உடுப்பி, பாலக்காடு, பிறகு தென்மாவட்டப் பையன்கள் நின்ற இடத்தில் இன்று வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். தோசை முறுகலாகத்தான் வருகிறது. 'என்னப்பா இருக்கு?' என்று கேட்டால் ஒரே மூச்சில் இட்லி வடை பொங்கல் பூரி தோசை மசால்தோசை ரவாதோசை என்று ஒப்பிக்கும் சர்வர் மட்டும் அருகிவிட்டார். மெனு கார்டை நீட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். செயலி வழியாக ஆர்டர் எடுக்கும் சமையல்கூடங்களுக்கு அந்தக் கார்டும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம்.

விலை என்று பேசினால் இன்னொரு முனையையும் பார்க்க வேண்டும். 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. தனியார் ஹோட்டல்காரர் எவ்வளவு முயன்றாலும் தொட முடியாத விலை, ஏனென்றால் இடமும் அரசுடையது, நஷ்டமும் அரசுடையது. ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியோடு வந்தவர்கள் மூன்று வேளையும் நிற்கும் வரிசையைப் பார்த்தால் இது ஏன் நீடிக்கிறது என்று புரியும். சத்திரத்தின் வேலையை இன்று செய்வது இதுதான், யார் சமைத்தது என்று கேட்பவர் மட்டும் இல்லை.

கடைசியாகப் போன பெரிய பெயர் டி.டி.கே. சாலையில். அடையார் கேட் ஹோட்டல், பார்க் ஷெராட்டன், கடைசியில் க்ரௌன் பிளாசா என்று பெயர் மாறி மாறி நின்ற கட்டடம். அதற்குள்ளிருந்த தக்ஷின் உணவகம், தென்னிந்தியச் சாப்பாட்டை ஐந்து நட்சத்திர மேஜைக்குக் கொண்டுபோன முதல் முயற்சிகளில் ஒன்று. பித்தளைப் பாத்திரம், வாழையிலை, நான்கு மாநிலக் குழம்பு. 2023 டிசம்பரில் மூடினார்கள். கூட்டம் இல்லாமல் மூடவில்லை. கடைசி வாரங்களில் இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் உண்டு. அந்த இடத்துக்கு அடுத்து பேசப்படுவது அடுக்குமாடி வீடுகள். ஹோட்டல் போய்விட்டது, ஆனால் பஸ்ஸில் ஏறி 'அடையார் கேட் ஒண்ணு' என்றால் கண்டக்டர் இன்னும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்.